பழைய பேஸ் கிட்டார், குழந்தைகள், ஒரே வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு ஆண்டுகளாகப் பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார்களை (தாழ்ந்த சுரங்களுக்கான, தடித்த தந்தி கிட்டார்) தேடி வாங்கி வாசித்து வருகிறேன். வீட்டில் இப்போது நான்கு இருக்கின்றன. கணவர், பத்து வயது மகள், ஐந்து வயது மகன் மூவரும் அவற்றோடுதான் வாழ்கிறார்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இவ்வளவு பழைய பொருளை எப்படி வைத்திருக்கிறாய் என்பதில் தொடங்கி, வாங்கும் முன் எதைப் பார்ப்பது என்பது வரை, நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு விதி உண்டு: வாசிக்காத பேஸை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கீழே வரும் பதில்களில் பாதி அதிலிருந்து வந்தவைதான்.

எவ்வளவு பழையதாக இருந்தால் அது 'வின்டேஜ்'?

இந்த வாத்தியத்துக்கே வயது அதிகமில்லை. 1930களின் நடுவில் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர், ஃப்ரெட் (சுர இடங்களைக் குறிக்கும் உலோகக் கம்பிகள்) வைத்து, குறுக்காகப் பிடித்து வாசிக்கும் மின் பேஸ் ஒன்றை ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் செய்தார். அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனிலிருந்து லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதுவரை பேஸ் வாசிப்பவர் வயலின் குடும்பத்து ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து போய், டிரம்ஸுக்கும் ஊது வாத்தியங்களுக்கும் நடுவில் தன் வாசிப்பு தனக்கே கேட்காமல் நின்றுகொண்டிருந்தார். புதியதைத் தோளில் மாட்டலாம், ஆம்ப்பில் (ஒலிபெருக்கி) சத்தத்தைக் கூட்டலாம், ஃப்ரெட் இருப்பதால் சுருதி பிசகாது. 'பிரிசிஷன்' என்ற பெயர் அந்தத் துல்லியத்தைத்தான் சொல்கிறது.

1953இல் கிப்சன் வயலின் வடிவில் ஒரு பேஸ் செய்தது. 1956இல் ஜெர்மனியின் ஹோஃப்னர் 500/1, 1957இல் ரிக்கன்பேக்கர் 4000, 1960இல் ஃபெண்டர் ஜாஸ் பேஸ். இன்று நாம் மேடைகளில் பார்க்கும் வடிவங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் வந்துவிட்டன. 1950, 60, 70களில் செய்தவற்றை வின்டேஜ் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. 1980களின் தொடக்கத்து ஜப்பானியப் பேஸ்களையும் இப்போது பலர் சேர்க்கிறார்கள். நானும் சேர்க்கிறேன்.

'ப்ரீ-சிபிஎஸ்' என்று ஏன் எல்லாரும் சொல்கிறார்கள்?

1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முன் செய்தவை ப்ரீ-சிபிஎஸ். விலை வானத்தில் இருக்கும்.

கையெழுத்தான மறுநாளே தொழிற்சாலை மாறிவிடாது. அதே ஆட்கள், அதே இயந்திரங்கள், அதே மரக்கட்டைகள். மாற்றம் மெல்ல மெல்ல வந்தது. 1970களில் கனமான ஆஷ் மரமும் தடித்த பாலியெஸ்டர் பூச்சும் வந்தன. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஜாஸ் பேஸின் நெக்கை (நீண்ட கழுத்துப் பகுதி) உடலோடு பிடிக்க நான்கு திருகுக்குப் பதில் மூன்றுதான் போட்டார்கள். அந்தக் காலத்துப் பேஸ் சிலவற்றில் நெக் உட்காரும் குழி தளர்வாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருளை, சற்று நகர்த்தி பிரிட்ஜுக்கு இன்னும் நெருக்கமாக வைத்ததும் அப்போதுதான். அந்தப் பளிச்சென்ற ஒலிக்காகவே அவற்றைத் தேடுகிறவர்கள் உண்டு. அமெரிக்க பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் புகழ் பெற்றது 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸோடுதான்.

1964, 1966 என்ற இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள விலை வித்தியாசத்தைக் கொடுக்க வீட்டுச் சேமிப்பில் கை வைக்காதீர்கள். காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

முதல் பழைய பேஸாக எதை வாங்கலாம்?

முழுக்க முழுக்க ஒரிஜினலாக இருப்பதை வாங்காதீர்கள். பெயிண்ட் மாற்றியது, ட்யூனிங் கீ மாற்றியது, பிக்கப் ஒருமுறை புதிதாகச் சுற்றப்பட்டது, இப்படி ஏதாவது ஒன்று நடந்திருக்கும் பேஸைத் தேடுங்கள். முழுப் பூச்சையும் மாற்றியிருந்தால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது விற்பவர்களிடையே உள்ள பழைய கணக்கு. மரமும் நெக்கும் அதேதான். இன்னொரு நன்மையும் உண்டு: ஏற்கெனவே அடிபட்ட பேஸை எடுத்து வாசிக்க உங்களுக்குப் பயம் வராது. குழந்தை ஓடிவந்தால் நெஞ்சு படபடக்காது.

அடுத்து, 1970களின் பிற்பகுதி முதல் 80களின் தொடக்கம் வரை ஜப்பானில் செய்தவை. அமெரிக்க வடிவங்களை அவர்கள் எவ்வளவு நெருக்கமாகச் செய்தார்கள் என்றால், 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் ஐபனீஸை விற்றுவந்த நிறுவனத்தின் மீது ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) வடிவத்துக்காக வழக்குப் போட்டது. 1982இல் ஃபெண்டரே ஜப்பானில் தயாரிக்கத் தொடங்கியது. 'ஜேவி' என்று தொடங்கும் வரிசை எண்கள் அந்தத் தொடக்க காலத்தவை. டோக்காய், கிரெக்கோ பேஸ்களும் நன்றாகச் செய்தவை. என்னிடம் உள்ள நான்கில் அதிகம் வாசிப்பது ஜப்பானில் செய்ததைத்தான்.

கை சிறியதாக இருந்தால் ஷார்ட் ஸ்கேல் பாருங்கள். ஃபெண்டரின் வழக்கமான தந்தி நீளம் 34 அங்குலம். 1966இல் வந்த மஸ்டாங் பேஸ் 30 அங்குலம். கிப்சனின் இபி-0, இபி-3 இரண்டும் 30.5 அங்குலம். இபி வகையின் ஒலி கொழகொழவென்று இருக்கும் என்பார்கள். பழைய, தடித்த, மெதுவான பாட்டுக்கு எனக்கு அந்தக் கொழகொழப்புதான் வேண்டும்.

சொல்லும் ஆண்டு உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரே ஓர் அடையாளத்தை நம்பக் கூடாது. நான்கைந்து அடையாளங்கள் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

ஃபெண்டரில் 1950களின் நடுவிலிருந்து 1976 வரை வரிசை எண் பின்பக்க நெக் பிளேட்டில் இருந்தது. அது நான்கு திருகில் கழன்று வரும் தகடு; யாரும் மாற்றலாம். அதனால் அதற்கு நான் குறைந்த மதிப்பெண்தான் தருகிறேன். நெக்கைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் பென்சிலிலோ முத்திரையிலோ தேதி இருக்கும். அது பேஸ் முழுமையான நாள் அல்ல, நெக் முடிந்த நாள். சில மாத இடைவெளி சகஜம்.

அப்புறம் கன்ட்ரோல் பிளேட்டைத் திறந்து வால்யூம், டோன் பொட்டென்ஷியோமீட்டர்களின் (சுருக்கமாகப் பொட்; குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகைப் பாருங்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ், 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம் செய்தது. கடைசி இரண்டு இலக்கம் எந்த வாரம், அதற்கு முன்னால் இருப்பது எந்த ஆண்டு. 1376633 என்றால் 1966ஆம் ஆண்டின் 33ஆவது வாரம். பொட் அந்த வாரம் செய்யப்பட்டது, பேஸ் அதற்குப் பிறகு. ஆகவே இது 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று மட்டும்தான் சொல்லும். 1964 என்று விற்கப்படும் பேஸில் 1966 பொட் இருந்தால், ஒன்று பொட் மாறியிருக்க வேண்டும் அல்லது சொல்பவர் தவறு.

உள்ளே ஒயரையும் பாருங்கள். 1960களின் பிற்பகுதி வரை துணி சுற்றிய ஒயர், பிறகு பிளாஸ்டிக். சோல்டர் இணைப்புகள் மங்கலாக, ஒரே கை செய்தது போல இருக்கிறதா, அல்லது நடுவில் ஒன்று மட்டும் புதிதாகப் பளபளக்கிறதா? ரோஸ்வுட் (நம் ஈட்டி மரத்தின் குடும்பம்) ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தும் பலகை) என்றால் நெக்கின் அடிப்பக்கத்தில் அதன் ஓரத்தைக் கவனியுங்கள்: 1959 முதல் 1962இன் நடு வரை அடிப்பாகம் தட்டையான தடித்த பலகை, அதன் பிறகு வளைவாக ஒட்டிய மெல்லிய பலகை.

புற ஊதா விளக்கும் கைகொடுக்கும். இருட்டில் அடித்தால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு லேசான மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும். பின்னால் தொட்டுச் சரிசெய்த இடங்கள் திட்டாகத் தெரியும். என் மகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். விளக்கைப் பிடிப்பது அவள், சந்தேகப்படுவது நான்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நெக் வளைந்து கிடந்தால் என்ன பயன்? ஆண்டைப் பார்க்கும் முன் நெக்கைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தடித்த ஈ தந்தியை அழுத்திப் பிடித்தால், ஏழு எட்டாவது ஃப்ரெட் அருகே தந்திக்குக் கீழே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி போதும். அதிகமாக இருந்தால், உள்ளே இருக்கும் டிரஸ் ராடு (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) இன்னும் திரும்ப இடமிருக்கிறதா என்று கேட்டறியுங்கள். பழைய ஃபெண்டரில் அதன் திருகு நெக்கின் அடியில் இருக்கும். விற்பவர் நெக்கைத் தளர்த்திக் காட்ட மறுத்தால் நான் கிளம்பிவிடுவேன்.

பழைய பேஸ் நிஜமாகவே நன்றாக ஒலிக்குமா?

சில ஒலிக்கும், சில ஒலிக்காது. புதியதிலும் அப்படித்தான். காலம் மரத்தை உலர்த்துகிறது, காந்தத்தைச் சற்று மாற்றுகிறது என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் தேர்வுதான் பெரிய காரணம்: நன்றாக ஒலித்தவற்றை மக்கள் ஐம்பது அறுபது ஆண்டுகள் பாதுகாத்தார்கள், மற்றவை பிரித்து உதிரிகளாகப் போயின.

ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். ஃபெண்டர் வகைப் பேஸ்கள் பலவற்றில், மெல்லிய ஜி தந்தியில் ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் சீக்கிரம் மடிந்துவிடும். டெட் ஸ்பாட் என்று வாசிப்பவர்கள் சொல்வது இதைத்தான். அந்த அதிர்வு நெக்குக்குள் போய்விடுகிறது. புகழ்பெற்ற பழைய பேஸ்களிலும் இது உண்டு. கேட்டு, ஏற்க முடிந்தால் வாங்குங்கள். பழுது என்று நினைத்துப் பணம் செலவழிக்காதீர்கள்.

தந்தியை எப்போது மாற்ற வேண்டும்?

டெட்ராய்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் எண்ணற்ற பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 பிரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) தந்தி போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றுவதில்லை என்று பெயர் பெற்றவர். வலது கையில் ஒரே ஒரு விரலால் வாசித்தார். அந்தத் தடித்த, அடங்கிய ஒலியில் பழைய தந்திக்குப் பங்கு உண்டு. பிரிட்ஜை மறைக்கும் குரோம் மூடிக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சுக்கும் உண்டு. ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்தி 1960களின் நடுவுக்குப் பிறகுதான் பரவியது. அதற்கு முந்தைய பேஸ்களை உருவாக்கியவர்கள் ஃப்ளாட்வவுண்டை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். 1960களின் நடு வரையிலான பேஸுக்கு ஒருமுறையாவது ஃப்ளாட்வவுண்ட் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கும் நல்லது: விரல் உரசும் கீச்சொலி குறையும், ஃப்ரெட் தேய்மானமும் குறையும்.

வெட்டிய தந்தி முனைகளை உடனே ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள். தரையில் தவழும் குழந்தையின் உள்ளங்காலும் உள்ளங்கையும் அந்த முனைகளைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எங்கே வைப்பது?

எல்லாரும் முதலில் கேட்பது இது. இதில் நான் தவறு செய்து கற்றவள்.

மகள் பிறந்த ஆண்டு, ஒரு பழைய பேஸைத் தரை ஸ்டாண்டில் வைத்தேன். குழந்தை இன்னும் தவழவில்லை, பயமில்லை என்று நினைத்தேன். நான்கு மாதம் கழித்துத் தூக்கினால் ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடத்தில் பூச்சு இளகி, கறுத்து, ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நைட்ரோ பூச்சும் ரப்பர் வகைப் பொருட்களும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். குழந்தையிடமிருந்து காப்பாற்ற யோசித்தேனே தவிர, ஸ்டாண்டிடமிருந்து காப்பாற்ற யோசிக்கவில்லை. 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய எந்தப் பேஸ் என்றாலும், ஸ்டாண்டின் பட்டையில் பருத்தித் துணி சுற்றுங்கள். ஸ்ட்ராப்பின் பிளாஸ்டிக்கும் அதே வேலையைச் செய்யும். வாசித்து முடித்ததும் கழற்றி வையுங்கள்.

இடம் என்றால், குழந்தைக்கு ஐந்து வயதாகும் வரை சுவர்தான். நெக்கைப் பிடிக்கும் கொக்கி, அது தானாக மூடிக்கொள்ளும் வகை, செங்கல் சுவரில் அடித்த ஆணி. குழந்தையின் கை உயரத்துக்கு மேல், ஆனால் குழந்தை ஏறி நிற்கும் கட்டிலுக்கு மேலே அல்ல. பேஸின் எடை பெரும்பாலும் நான்கு கிலோ சுற்றி இருக்கும். அது குழந்தையின் மேல் விழுவதுதான் உண்மையான ஆபத்து, பேஸுக்கு ஒரு சிராய்ப்பு வருவது அல்ல. வெயில் விழும் சுவரும் வெளிச்சுவரும் வேண்டாம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் அலைபாயாமல் இருந்தால் நெக் அமைதியாக இருக்கும்.

பெட்டிக்குள் பூட்டி வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் பெட்டியைத் திறந்து, எடுத்து, ட்யூன் செய்து, மறுபடி மூடும் எட்டு நிமிடம், குழந்தை தூங்கும் இருபது நிமிடத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். கண்ணில் படும் பேஸைத்தான் கை எடுக்கிறது. என் நான்கில் ஒன்று சுவரில், மூன்று பெட்டியில். ஒவ்வொரு மாதமும் சுற்றி மாற்றுகிறேன்.

குழந்தைகளுக்கு ஒரே விதி சொல்லி வைத்திருக்கிறோம்: கேட்டுவிட்டுத் தொடலாம். தொடவே கூடாது என்று சொல்லியிருந்தால் நான் குளிக்கும்போது தொட்டிருப்பார்கள். மகன் மூன்று வயதில் பொம்மைக் காரை மோதி ஒரு பள்ளம் வைத்தான், ஜப்பான் பேஸின் அடி விளிம்பில். அதை நான் நிரப்பவில்லை. மற்ற சிராய்ப்புகளை யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, இது ஒன்றுதான் தெரியும்.

குழந்தை தூங்கும்போது எப்படி வாசிப்பது?

ஹெட்ஃபோன். சுற்றிவளைக்க ஒன்றுமில்லை.

காரணம் இதுதான். திறந்த ஈ தந்தியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் ஒலி அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சு அதை எதுவும் செய்யாது. சுவரும் தரையும் சேர்ந்து அதிரும். உங்களுக்கு மெதுவாகக் கேட்கும் பேஸ், பக்கத்து அறையில் தொட்டிலின் கீழ் உறுமலாகக் கேட்கும். ஆம்ப் வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்றால் சிறிய ஸ்பீக்கர் உள்ளதை மேஜை உயரத்தில், தரையைத் தொடாமல் வையுங்கள். சிறிய ஸ்பீக்கர் அடிச்சுரத்தை முழுதாகத் தராது, ஆனால் மேலே உள்ள இணைச் சுரங்களைக் கேட்டு நம் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஆம்ப்பே இல்லாமல் வாசிப்பதைப் பழக்கமாக்காதீர்கள். கேட்பதற்காக விரல் ஓங்கி இழுக்கத் தொடங்கும். மகன் பிறந்த பின் ஓராண்டு அப்படி வாசித்தேன். அந்த முரட்டுக் கையைச் சரிசெய்ய இன்னோர் ஆண்டு ஆனது.

கர்ப்பமாக இருக்கும்போது வாசிக்கலாமா?

நான் வாசித்தேன். தாழ்ந்த ஒலி உடலுக்குள் எளிதாகப் போகும் என்பதால் பெரிய ஆம்ப் முன்னால் நிற்பதை ஐந்தாம் மாதத்தோடு நிறுத்திவிட்டேன். வீட்டில் ஹெட்ஃபோனில் உட்கார்ந்து வாசித்தேன். பேஸை வயிற்றின் மேல் அழுத்தாமல் வலது தொடைக்கு வெளியே சாய்த்துக்கொண்டேன். மேடை வேலை உள்ளவர்கள் மருத்துவரிடம் சத்தத்தைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள்.

1963இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோவில் வர வேண்டிய பேஸ் கலைஞர் வராததால் பேஸை எடுத்த கரோல் கேய், குழந்தைகளை வளர்த்துக்கொண்டேதான் அந்த ஊரின் ஒலிப்பதிவுகளில் ஆண்டுக்கணக்காக வாசித்தார். சோர்ந்த நாட்களில் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

தோளும் முதுகும் வலிக்கிறதே?

பேஸை எடை போடுங்கள். 1960களின் ஆல்டர் மரப் பேஸ் நான்கு கிலோ சுற்றி இருக்கும். 1970களின் ஆஷ் மரப் பேஸ் ஐந்து கிலோவைத் தொடலாம். பகல் முழுக்கக் குழந்தையை இடுப்பில் வைத்துத் தூக்கிய தோளுக்கு அந்த ஒரு கிலோ பெரிது. அகலமான தோல் பட்டை பாதி நிவாரணம். உள்ளே வெற்றிடம் உள்ள ஹோஃப்னர் 500/1 சுமார் இரண்டரை கிலோதான். நான் 1974இல் செய்த ஒரு கனமான பேஸை இந்தக் காரணத்துக்காகவே விற்றேன். நல்ல பேஸ். வருத்தம் இல்லை.

இதற்குப் பணம்? வீட்டில் எப்படிச் சொல்வது?

பார்க்கப் போகும் முன் சொல்லுங்கள். பார்த்த பிறகு சொன்னால் அது கேள்வியாக இருக்காது, அறிவிப்பாக இருக்கும். இதை எனக்குச் சொன்னது என் கணவர், நான் நான்காவது பேஸோடு வீட்டுக்கு வந்த இரவு: "வாங்கினது பரவாயில்லை. ஆனா என்கிட்ட கேக்கல பாரு." அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. ஒன்று வந்தால் ஒன்று போகும். வாசித்துச் சம்பாதித்த பணமும் பேஸ் விற்ற பணமும் தனிக் கணக்கில். வாங்குவது அதிலிருந்து மட்டும். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உள்ள கணக்கு பேஸுக்குத் தெரியாது.

முதலீடு என்று சொல்லி வீட்டைச் சம்மதிக்க வைக்காதீர்கள். விலை ஏறியும் இருக்கிறது, இறங்கியும் இருக்கிறது. அவசரத்தில் விற்பவருக்கு நல்ல விலை கிடைப்பதில்லை.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: ஆண்டு, வரிசை எண், எந்தப் பாகம் மாறியது, எவ்வளவுக்கு வாங்கினேன், இன்று எவ்வளவு பெறும், விற்பதென்றால் யாரைக் கேட்பது. நெக்கைக் கழற்றும்போது எடுத்த படங்களும் அதோடு. எனக்கு ஏதாவது ஆனால் என் வீட்டார் அந்தப் பழைய பேஸைப் பழைய நாற்காலி விலைக்குக் கொடுத்துவிடக் கூடாது. காப்பீட்டுக்கும் அதே தாள் போதும். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வாத்தியத்துக்கு வரம்பு இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

வெளியே எடுத்துப் போகலாமா?

போக வேண்டும். ஆனால் வண்டியில் விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள்.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர், 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது தெரியவந்து அவரிடம் திரும்பியது. 2024இல் செய்தி வெளியானது. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட் நீக்கிய 1962 ஜாஸ் பேஸ் 1986இல் நியூயார்க்கில் காணாமல் போனது. அவர் அதை மறுபடி பார்க்கவில்லை. ஜேமர்சனின் பிரிசிஷன், 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடப்பட்டது. இன்றும் கிடைக்கவில்லை. இந்த மூன்றாவதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கனக்கும்.

வேறு நாட்டுக்கு எடுத்துச் செல்ல?

1960களின் நடு வரை வந்த பல பேஸ்களின் ஃபிங்கர்போர்டு பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது; எல்லை தாண்ட அனுமதிச் சான்று தேவைப்படலாம். இந்திய ரோஸ்வுட்டில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. எது எந்த மரம் என்று தெரியாவிட்டால் பயணத்துக்குப் புதிய பேஸை எடுங்கள்.

பழைய ஆம்ப்பும் வாங்கலாமா?

குழந்தைகள் உள்ள வீட்டில், தொழில் தெரிந்தவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை வேண்டாம். 1960களின் வால்வு ஆம்ப்கள் பலவற்றில் எர்த் இணைப்பு கிடையாது. தந்தியைத் தொட்டபடி மைக்கைத் தொட்டால் ஷாக் அடித்த காலம் அது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். திறக்காதீர்கள். பேஸுக்குள் அந்த ஆபத்து இல்லை, ஆனால் பழைய சோல்டரில் ஈயம் உண்டு. வேலை செய்தால் மேஜையைத் துடைத்து, கையைக் கழுவிய பிறகே குழந்தையைத் தொடுங்கள்.

நேரம் எங்கே கிடைக்கிறது?

ஒரு நாளில் இருபது நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. இருபது நிமிடத்தில் ஒரு வரியை எடுத்து அதையே வாசிப்பேன். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் நண்பர்களோடு. அந்த மாலையில் குழந்தைகளைக் கணவர் பார்த்துக்கொள்கிறார், அவருடைய ஓட்டப் பயிற்சிக்கு ஞாயிறு காலையை நான் விட்டுக்கொடுக்கிறேன். பேஸை வாங்கத் தேடும் நேரம் வாசிக்கும் நேரத்தைத் தாண்டினால், தேடுவதை ஒரு மாதம் நிறுத்திவிடுவேன்.

குழந்தைக்கும் வாசிக்க ஆசை வந்தால்?

எட்டு வயது வாக்கில் 30 அங்குலப் பேஸ் கைக்கு எட்டத் தொடங்கும். முதலில் கீழே இரண்டு மெல்லிய தந்திகளை மட்டும் போட்டுக் கொடுங்கள். அழுத்தம் குறைவு, விரல் நோகாது. தந்தி உயரத்தை நன்றாக இறக்குங்கள். ஃப்ரெட் ஓரம் கூராக இருந்தால் தேய்த்துவிடுங்கள்.

என் மகள் முதலில் கேட்டது, "அம்மா, இது பாட்டியை விடப் பெரியதா?" 1966 மஸ்டாங். பாட்டி பத்து ஆண்டு மூத்தவர். அதைச் சொன்னதும் பாட்டியிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள், இரண்டு கையாலும் நெக்கைப் பிடித்தபடி, நான் பின்னால். இப்போது அவளுக்கு ஏ தந்தியும் போட்டாகிவிட்டது. ஈ தந்தி அடுத்த பிறந்த நாளுக்கு.